பஸ் பார்சலில் வந்த 52 சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகள்: 21ஆம் நாள் கணக்கு

இன்று எண்ணியதில் 51. வந்தவை 52, ஐம்பதுக்குக் காசு, இரண்டு கூடுதல். போன ஒன்று மூன்றாம் நாளில் வயிறு உப்பி, தொப்புள் ஈரமாக, நாற்றத்தோடு செத்தது. அது பொரிப்பகத்திலேயே தொற்றிக்கொண்ட தொப்புள் அழற்சி. புரூடரில் (குஞ்சுகளுக்குச் சூடு கொடுத்து வளர்க்கும் அடைப்பில்) என்ன செய்திருந்தாலும் பிழைத்திருக்காது. இதற்கு முந்தைய பேட்சில் இதே 50க்கு 11 போயின. தீவனம், மருந்து, கொட்டகை எல்லாம் அப்போதும் இவைதான். மாற்றியது சூடு கொடுக்கும் முறையை மட்டும். அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி சூட்டைப் பற்றித்தான்.

செத்த நாளை எழுதி வையுங்கள், காரணம் பாதி தெரிந்துவிடும். முதல் மூன்று நான்கு நாளில் உப்பிய வயிறோடு போனால் பொரிப்பகம். நான்கு முதல் ஏழு நாளுக்குள் வற்றிச் சருகாகப் போனால் அந்தக் குஞ்சு தண்ணீரையும் தீனியையும் கண்டுபிடிக்கவே இல்லை. போன முறை 11இல் 8 இந்த வகை. தீனி முன்னாலேயே இருந்தது. குளிரில் ஒண்டிக்கொண்டிருந்த குஞ்சு தீனிக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

புரூடர் என்பது 4 அடி விட்டத்தில் தகர வட்டம், ஒன்றரை அடி உயரம். மூலை இருக்கவே கூடாது; குளிர்ந்தால் மூலையில்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும். உமி 2 அங்குலம், அதன்மேல் மூன்று நாளைக்குப் பழைய செய்தித்தாள், தினமும் மாற்ற வேண்டும். வழவழப்பான இதழ்த்தாள் வேண்டாம், கால் வழுக்கி அகண்டுவிடும். குண்டு பல்பு 60 வாட் இரண்டு, குஞ்சுக்கு 2 வாட் கணக்கு. எல்இடியில் வெளிச்சம்தான் வரும், சூடு வராது.

பழைய முறையில் இரண்டு பல்பையும் எந்நேரமும் எரியவிட்டு, உயரத்தை ஏற்றி இறக்கிச் சமாளித்தோம். பகல் 36 டிகிரி, விடியற்காலை 22 டிகிரி என்று போகும் ஊரில் இது வேலைக்கு ஆகாது. இரவுக்குச் சரியான உயரம் மதியத்துக்கு அதிகச் சூடு. மதியத்துக்குச் சரியாக வைத்துவிட்டுத் தூங்கினால் மூன்று மணிக்குக் குஞ்சுகள் குவியலாகக் கிடக்கும்.

இந்த முறை இன்குபேட்டரில் இருந்த எஸ்டிசி-1000 கன்ட்ரோலரை (சூட்டை அளந்து பல்பைத் தானாகப் போட்டு அணைக்கும் கருவி) கழற்றி இங்கே மாட்டினேன். இரண்டு பல்பையும் அதில் கொடுத்தது முதல் தவறு. சூடு எட்டியதும் இரண்டும் ஒரே நேரத்தில் அணைந்து கும்மிருட்டாகும், குஞ்சுகள் பதறி ஒரு பக்கமாக ஓடிக் குவியும். சரியான முறை: ஒரு பல்பு நேரடி இணைப்பில் எப்போதும் எரியட்டும், இரண்டாவது மட்டும் கன்ட்ரோலர் வழியே. மதிய வெயிலில் முதல் பல்பும் மிகை என்றால் அதைக் கையால் அரை அடி உயர்த்தினால் போதும்.

அடுத்தது சென்சார் எங்கே இருக்க வேண்டும் என்பது. இதற்கே நான்கு நாள் ஆனது. பல்புக்கு நேர் கீழே வைத்தால் வெளிச்சமே சென்சாரைச் சுட்டு, காற்றின் சூட்டைவிட அதிகமாகக் காட்டும். பல்பு சீக்கிரம் அணைந்து ஓரம் குளிர்ந்துபோகும். தகரத்தில் ஒட்டி வைத்தால் தகரத்தின் குளிர்ச்சியைக் காட்டும். நடுவுக்கும் ஓரத்துக்கும் பாதி தூரத்தில், தரையிலிருந்து 2 அங்குலத்தில், அதாவது குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்கவிட்டதும்தான் சரிவந்தது. அந்த இடத்தில் 32 டிகிரி செல்சியஸ் என்று வைத்தால் பல்புக்கு நேர் கீழே 35 (நாம் சொல்லும் 95 பாரன்ஹீட்), ஓரத்தில் 29. இந்த வித்தியாசம் இருக்கத்தான் வேண்டும். குளிர்கிற குஞ்சு உள்ளே வரும், சூடு தாங்காதது வெளியே போகும். கன்ட்ரோலரில் எஃப்2 என்ற அமைப்பை, அதாவது பல்பு அணைவதற்கும் மறுபடி எரிவதற்கும் இடையிலான வித்தியாசத்தை, 0.5 டிகிரியில் வையுங்கள்.

இன்னொன்று, சென்சார் நனையவே கூடாது. குஞ்சு தண்ணீர்த் தட்டை இடறி சென்சாரில் தெளித்தால், ஈரம் காயும்வரை அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கன்ட்ரோலர் குளிர் என்று நினைத்துப் பல்பை அணைக்காமல் எரிக்கும். ஐந்தாம் நாள் இப்படி 40 டிகிரிக்குப் போய், அத்தனையும் வாயைப் பிளந்து, சிறகை விரித்து ஓரத்தில் நின்றன. தண்ணீர்த் தட்டை எதிர்ப்பக்கம் மாற்றியபின் சிக்கல் இல்லை.

மீட்டர் என்ன காட்டினாலும் கடைசிப் பேச்சு குஞ்சுகளுடையது. பல்பின் கீழ் குவிந்து கூச்சலிட்டால் குளிர். ஓரத்தில் மூச்சு வாங்கினால் சூடு. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது, சாக்குப் படுதா கட்டுங்கள் (பல்புக்கு அருகில் வேண்டாம், தீப்பிடிக்கும்). பரவலாகப் படுத்து, மெல்லிய சத்தத்தோடு இருந்தால் கை வைக்காதீர்கள். காலைத் தொட்டுப் பார்ப்பதும் உதவும்: குஞ்சின் பாதத்தை நம் கழுத்தில் வைத்துப் பார்த்து, சில்லென்று இருந்தால் உமிக்கு இன்னும் சூடு ஏறவில்லை. அதனால்தான் பார்சல் வருவதற்கு 12 மணி நேரம் முன்பே பல்பைப் போட்டுவிட வேண்டும். போன முறை பெட்டி வந்தபின் போட்டோம். காற்று சூடானது, தரை சூடாகவில்லை.

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர்தான். 60 வாட் ஒரு பல்பு மட்டும் அதில். கரி போட்ட பானை பழைய வழக்கம், ஆனால் மூடிய அறையில் அந்தப் புகை குஞ்சை மட்டுமல்ல, ஆளையும் கொல்லும். செராமிக் ஹீட்டரும் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் மாட்டவில்லை. அதற்குப் பீங்கான் ஹோல்டர் வேண்டும். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும்.

வந்ததும் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீர் லிட்டருக்கு 80 கிராம் வெல்லம், ஒவ்வொன்றின் அலகையும் ஒருமுறை முக்கிவிட்டேன். தட்டில் கோலிக்குண்டு போட்டது மூழ்காமல் இருக்க. வெல்லத் தண்ணீர் முதல் சில மணி நேரம்தான், நாள் முழுக்கக் கொடுத்தால் எச்சம் இளகிப் பின்புறத்தில் ஒட்டும். ஒட்டினால் வெந்நீர்ப் பஞ்சால் ஊறவைத்துத் துடையுங்கள், பிய்க்காதீர்கள். அதற்குச் சற்றுத் தள்ளி இருக்கும் தொப்புள் பொருக்கை எச்சம் என்று நினைத்து உரித்துவிட வேண்டாம். இரண்டு மணி நேரம் கழித்து மக்காச்சோளக் குருணை, மறுநாள் முதல் ஸ்டார்ட்டர் (குஞ்சுத் தீவனம்). 24 மணி நேரத்தில் தீனிப்பையைத் தடவிப் பார்த்ததில் மூன்று மட்டும் காலி. அவற்றைத் தனியே பிடித்து ஊட்டினேன். மூன்றும் இருக்கின்றன.

ஏழாம் நாள் லசோட்டா (வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து) கண்ணில் ஒரு சொட்டு, கண்ணை மூடித் திறக்கும்வரை பிடித்திருக்க வேண்டும். பதினான்காம் நாள் கம்போரோ நோய்த் தடுப்பு மருந்து. எட்டாம் நாள் வட்டத்தை 6 அடிக்கு விரித்து, சூட்டை வாரம் 3 டிகிரி குறைத்தேன். இதுவரை 13 கிலோ தீவனம், சராசரி எடை 120 கிராம்.

பார்சலைப் பற்றி: பொரித்த குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவை வைத்து மூன்று நாள்வரை தாங்கும். அமெரிக்காவில் 1918 முதல் தபாலிலேயே குஞ்சு அனுப்புவதும் இதை நம்பித்தான். இரண்டாம் நாள் முடிவதற்குள் தண்ணீர் காட்டிவிடுவது நல்லது. அதனால் விற்பவரிடம் தேதியை மட்டும் கேட்காமல், எத்தனை மணிக்கு மெஷினிலிருந்து எடுத்தார்கள் என்று கேளுங்கள். மேரெக்ஸ் நோய்த் தடுப்பு ஊசி போட்டார்களா என்றும் கேளுங்கள். 100 குஞ்சுப் பெட்டியில் நான்கு அறை, அறைக்கு 25. ஐம்பது வாங்கினால் இரண்டு அறையை நிரப்பி மற்றதைக் காலியாக விடச் சொல்லுங்கள். நான்கிலும் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பரப்பினால் ஒன்றின் சூடு ஒன்றுக்குக் கிடைக்காது. பஸ்ஸில் இன்ஜின் பக்க டிக்கியில் வைக்க விடாதீர்கள். இந்த முறை சிறுவிடை என்று வந்ததில் ஏழெட்டு, காலின் தடிமனைப் பார்த்தால் பெருவிடைக் (பெரிய உடல்வாகு நாட்டுக்கோழி) கலப்பு போலத்தான் தெரிகிறது. பணம் கட்டும் முன் தாய்க்கோழிகளின் படம் கேட்டிருக்க வேண்டும்.

28ஆம் நாள் லசோட்டா மறுமுறை. அதற்குள் தண்ணீர்த் தட்டைச் சுற்றிய ஈர உமியை தினமும் அள்ளியாக வேண்டும், ரத்தக்கழிச்சல் பிடிக்கும் வாரம் இது. குஞ்சுகளுக்குத் தீனியாகக் கரையான் பிடிக்க நேற்று மாலை இரண்டு பானையில் சாணியும் கிழிந்த கோணியும் அடைத்து, நீர் தெளித்து வேலியோரம் கவிழ்த்தேன். காலையில் ஒன்றில் நிறைய ஏறியிருந்தது, மற்றதில் எறும்பு. எறும்பு ஏறிய பானையை வேப்பமரத்தடிக்கு மாற்றியிருக்கிறேன். வளர் கூண்டுக்கு அரை அங்குலக் கம்பிவலை 30 அடி வாங்க வேண்டும், உள்ளூர்க் கடையில் முக்கால் அங்குலம்தான் இருக்கிறது.