ஐந்தாவது தட்டு

மார்ச் 3, 2024, ஞாயிறு, பெர்லின்

மவர்பார்க் சந்தையில் காலை முழுக்கத் தூறல். கடைக்காரர்கள் பழைய இசைத்தட்டுப் பெட்டிகளை பிளாஸ்டிக் தாளால் மூடியிருந்தார்கள். தூக்கித் தூக்கிப் பார்த்ததில் கோட்டுக் கை முழங்கை வரை நனைந்துவிட்டது. ‘நொய டாய்ச்செ வெல்லெ’, அதாவது புதிய ஜெர்மன் அலை, என்ற இசைப் பாணியின் பெயர் எழுதிய பெட்டியில் வழக்கம்போல பாப் பாடகி நேனாதான். நான்கு பிரதி. 1979இல் ஆல்ஃபிரட் ஹில்ஸ்பெர்க் ‘ஸவுண்ட்ஸ்’ இசைப் பத்திரிகையில் இந்தப் பெயரைத் தலைப்பாகப் போட்டு எழுதியபோது நேனாவை யாருக்குத் தெரியும்? பெரிய கம்பெனிகள் பின்னால் வந்து பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டன.

பெட்டியின் அடியில் ஒன்று அகப்பட்டது. டி டோட்லிஷே டோரிஸ் இசைக் குழு, 1986, ஆட்டா டாக் வெளியீடு. தலைப்பு, ஜெர்மனில் ‘ஆறு’. உச்சரிப்பு ஆங்கிலத்தில் வேறொரு விஷயம்போலக் கேட்கும்; தமிழில் எழுதினால் வீட்டில் சண்டை வரும், அதனால் ஆறு என்றே வைத்துக்கொள்வோம். 35 யூரோ கேட்டார், 28க்கு முடிந்தது.

மார்ச் 5

இது ஆறு என்றால் ஐந்து எங்கே? கடைகடையாகத் தேடினாலும் கிடைக்காது. 1984இல் ‘எங்கள் முதல் தட்டு’ என்ற பெயரில் ஒன்று போட்டார்கள் (முதல் தட்டே அல்ல, குசும்பு). அதையும் ஆறையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் காதில் விழுவதுதான் ஐந்தாவது. அச்சாகாத தட்டு! பேசும் பொம்மைக்குள் வைக்கிற குட்டித் தட்டு எட்டையும், பேட்டரியில் ஓடும் கருவியையும் 1983இல் ஒரு பெட்டியில் போட்டு விற்றவர்கள் இவர்கள். அந்தப் பெட்டியை ஒருமுறை கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். விலை கேட்கவில்லை.

மார்ச் 12

1984 தட்டு தபாலில் வந்தது. ‘கிட்டத்தட்டப் புதுசு’ என்று போட்டிருந்தார் விற்றவர். உறை புதுசுதான். தட்டு, பொரித்த அப்பளம். ஊசி அலையில் படகு போல ஏறி இறங்குகிறது. இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவே வைத்து மேலே அகராதிகளை அடுக்கியிருக்கிறேன்.

மார்ச் 17, ஞாயிறு

அகராதிகளால் பெரிய பலனில்லை.

மாடி வீட்டுக்காரர் தன்னுடைய டெக்னிக்ஸ் 1210 ரெக்கார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னுடையது பெல்ட்டில் ஓடுவது. மூன்று எண்ணி இருவரும் ஒரே நேரத்தில் ஊசியை இறக்கினோம். முதல் பாட்டு முடிவதற்குள்ளேயே என் சோம்பேறி பின்தங்கிவிட்டது. அவர் வேகக் குமிழைத் தள்ளித் தள்ளி வேகத்தைக் குறைத்து எனக்காகக் காத்திருந்தார். வேகம் சரியாக இருந்தால் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும் தட்டுமேடையின் விளிம்புப் புள்ளிகள் நிற்காமல் நழுவின. நான்காவது முயற்சியில் ஒரு நிமிஷம் போல இரண்டும் சேர்ந்தே போயின. அவர் கையைக் குமிழிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் மறுபடி விலகிவிட்டது.

எங்கள் ஐந்தாவது தட்டில் அவர்கள் சேர்க்காத ஒன்றும் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு, அதாவது 1.8 விநாடிக்கு, ஒரு ‘தொப்’. அப்பளத்தின் மேடு.

புது பெல்ட் வாங்க வேண்டும்.