கல்விக் கடன்: தவணைக்கு முன்பே ஓடத் தொடங்கும் கணக்கு

நம் குடும்பங்களில் கல்விக் கடனைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு நாட்களில்தான் நடக்கிறது. ஒன்று, கடன் ஒப்புதலாகிவிட்டது என்று வங்கியிலிருந்து சொல்லும் நாள்; மற்றொன்று, தவணை கட்டச் சொல்லி முதல் கடிதம் வரும் நாள். இவ்விரண்டுக்கும் இடையே, நான்காண்டுப் படிப்பும் அதன் பிறகு ஓராண்டு அவகாசமுமாக, ஐந்து ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அந்த ஐந்தாண்டுகளில் கடன் கணக்கை யாரும் திறந்து பார்ப்பதில்லை. என் கடனை முழுவதுமாக அடைத்து முடித்த பிறகு உறவினர் வீட்டுப் பிள்ளைகள் பலருடைய கடன் தாள்களை உடனிருந்து படித்துப் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட உறுதியான எண்ணம் இதுதான்: கடன் எவ்வளவு பாரமாக இருக்கப்போகிறது என்பதில் பெரும்பகுதி, தவணை தொடங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

சென்ற ஆண்டு என் சித்தி மகன் தன் கணக்கு அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்தான். பொறியியல் படிப்புக்காக ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் ரூபாய் கடன். அறிக்கையின் கடைசி வரியில் ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்தை ஒட்டி ஒரு தொகை நின்றது. "அக்கா, நான் இன்னும் ஒரு தவணைகூடக் கட்ட ஆரம்பிக்கலையே, அதுக்குள்ள எப்படி இவ்வளவு ஏறுச்சு?" என்று கேட்டான். வங்கி ஏதோ தவறு செய்துவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தவறு எதுவும் இல்லை. வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முதல் ஆண்டு வாங்கிய ஒரு லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000 ரூபாய், இரண்டாம் ஆண்டு வாங்கியதற்கு 40,000, அடுத்ததற்கு 30,000, கடைசி லட்சத்துக்கு 20,000. மொத்தம் 1,40,000 ரூபாய். படிப்புக் காலத்திலும் அவகாசக் காலத்திலும் தனிவட்டிதான் போடுகிறார்கள். ஆனால் தவணை தொடங்கும் நாளில் அந்த வட்டி முழுவதும் அசலோடு சேர்க்கப்பட்டு, அதற்குப் பிறகு வட்டிக்கும் வட்டி ஓடத் தொடங்குகிறது. அவகாசம் என்பது தவணைக்குத்தான், வட்டிக்கு இல்லை என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும்போதே யாராவது நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்த 1,40,000 ரூபாயைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, அரசே அதைக் கட்டுவது. 2009-10 கல்வியாண்டிலிருந்து நடைமுறையில் இருக்கும் மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தின்படி, பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, பிள்ளை இந்தியாவிலேயே தொழிற்கல்வியோ தொழில்நுட்பக் கல்வியோ படித்தால், படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் உரிய வட்டி முழுவதையும் அரசு ஏற்கிறது. கல்லூரியின் அங்கீகாரம் தொடர்பான நிபந்தனைகள் உண்டு. இளநிலை, முதுநிலை இரண்டில் ஏதேனும் ஒன்றுக்கு ஒரு முறை மட்டுமே கிடைக்கும். படிப்பை இடையில் நிறுத்தினால், மருத்துவக் காரணம் தவிர, மானியம் இல்லை. இதற்கு வருமானச் சான்றிதழை வாங்கி வங்கிக் கிளையில் கொடுக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகம் வழியாகக் கிடைக்கிற அந்த ஒற்றைத் தாளைக் கொடுக்காமலோ, கொடுத்துவிட்டுக் கணக்கில் மானியம் வரவு ஆகிறதா என்று பார்க்காமலோ விட்டுவிட்ட குடும்பங்களை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது. அவர்களுக்காக ஒதுக்கப்பட்ட பணம் அது. கடன் எடுத்த முதல் ஆண்டிலேயே, "இந்தக் கணக்குக்கு வட்டி மானியம் கோரப்பட்டிருக்கிறதா?" என்று கிளை மேலாளரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்தரக் கல்வி நிறுவனங்களில் படிப்போருக்கு, குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தாலும் 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அவகாசக் காலத்திலும் 3 சதவீத வட்டிச் சலுகை இருக்கிறது, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மானியத்துக்குத் தகுதி இல்லாதவர்களுக்கு இரண்டாவது வழி, வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவருவது. மேலே சொன்ன கணக்கில் முதல் ஆண்டு மாதம் சுமார் 830 ரூபாய்தான் வரும். நான்காம் ஆண்டில் அது 3,330 ரூபாய் ஆகும். எல்லா வீடுகளாலும் இது முடியாது என்பதை அறிவேன். ஆனால் முடிந்தால், தவணை 5,40,000 ரூபாய்க்குத் தொடங்காமல் நான்கு லட்சத்துக்கே தொடங்கும். பத்து ஆண்டுத் தவணையில் மாதம் 7,136 ரூபாய்க்குப் பதிலாக 5,286 ரூபாய் கட்டினால் போதும். இப்படிப் படிக்கும்போதே வட்டியைக் கட்டிவருபவர்களுக்கு வட்டி விகிதத்தில் 1 சதவீதம் வரை தள்ளுபடி தர கல்விக் கடனுக்கு வங்கிகள் வழிகாட்டியாகக் கொள்ளும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் இடம் அளிக்கிறது. கிளையில் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

தவணைக் காலத்தைத் தேர்ந்தெடுக்கும் நாள் மிக முக்கியமானது. பதினைந்து ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம் என்பதால், மாதத் தொகை எது குறைவோ அதிலேயே பலரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். 5,40,000 ரூபாயைப் பத்து ஆண்டுகளில் கட்டினால் மொத்தம் சுமார் 8,56,000 ரூபாய் ஆகிறது. பதினைந்து ஆண்டுகளில் கட்டினால் மாதம் 5,803 ரூபாய்தான், ஆனால் மொத்தம் பத்து லட்சத்து நாற்பத்து நான்காயிரத்தைத் தாண்டிவிடுகிறது. மாதம் 1,333 ரூபாய் குறைவதற்காக ஏறத்தாழ 1,88,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம். ஆனாலும், தொடக்கச் சம்பளம் பதினைந்தாயிரம், பதினெட்டாயிரம் என்று இருக்கும் பிள்ளையிடம் குறுகிய காலத்தைத் தேர்ந்தெடு என்று சொல்வது நியாயமாகாது. நீண்ட காலத்துக்குக் கையெழுத்திட்டு, சம்பளம் உயர உயரக் கூடுதலாகக் கட்டிக்கொண்டே வருவதுதான் அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்லும் வழி. ஒரு மாதம் தவறிப்போகும் ஆபத்தும் இதில் குறைவு.

கூடுதலாகக் கட்டுவதன் பலனைத் தொடக்க ஆண்டுகளில்தான் முழுமையாகப் பார்க்க முடியும். முதல் தவணையான 7,136 ரூபாயில் 4,500 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் குறைவது 2,636 ரூபாய் மட்டுமே. ஓராண்டு முழுவதும் எண்பத்தைந்தாயிரத்துக்கு மேல் கட்டிய பிறகும் அசல் முப்பத்து மூவாயிரம்தான் குறைந்திருக்கும். சோர்ந்துபோய்ப் பலர் கட்டுவதையே தள்ளிப்போடத் தொடங்கும் இடம் இது. இதே கணக்கில் மாதம் 2,000 ரூபாய் சேர்த்துக் கட்டினால், பத்து ஆண்டுக் கடன் ஏழு ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். வட்டியில் ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் மிஞ்சும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

ஆனால் கூடுதல் பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். எனக்குக் கடன் கொடுத்த கிளையில், போனஸ் பணத்தை நான் மொத்தமாகக் கட்டியபோது, அதை அசலில் கழிக்காமல் வரப்போகும் மாதங்களின் தவணையாக ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அறிக்கையை வாங்கிப் பார்த்ததால்தான் தெரிந்தது. "இத்தொகையை அசலில் வரவு வைத்து, மாதத் தவணையை மாற்றாமல் தவணைக் காலத்தைக் குறைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு கடிதம் எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்ட பிறகு சரி செய்தார்கள். அன்று முதல் ஒவ்வொரு கூடுதல் தொகைக்கும் கடிதம் கொடுத்தே கட்டினேன்.

வட்டி விகித மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதம், 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்து, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாக உயர்ந்தது. அப்போது பல வங்கிகள் மாதத் தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டிவிட்டதால், கட்டுகிற தொகை மாறவில்லையே என்று நிம்மதியாக இருந்தவர்களின் கடன் சத்தமில்லாமல் நீண்டுவிட்டது. 2025-இல் அது படிப்படியாகக் குறைக்கப்பட்டு டிசம்பரில் 5.25 சதவீதத்துக்கு வந்தது. உங்கள் கணக்கில் அந்தக் குறைப்பு வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். பழைய முறையில் வட்டி கணக்கிடப்படும் கடனாக இருந்தால், ரெப்போவோடு இணைந்த முறைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கல்விக் கடனை மட்டும் தனியாக வைத்துப் பார்ப்பதும் சரியில்லை. நம் வீடுகளில் அக்காளின் திருமணத்துக்கோ அப்பாவின் மருத்துவத்துக்கோ கைமாற்றாக வாங்கிய கடன் ஒன்று பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். மூன்று வட்டிக்கு வாங்கியது என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம். அப்படியொரு கடன் இருக்கும்வரை, 10 சதவீத வட்டியுள்ள கல்விக் கடனுக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். தவணையை மட்டும் தவறாமல் கட்டிவிட்டு, மிச்சமாகும் எல்லாவற்றையும் அந்த மூன்று வட்டிக் கடனுக்குக் கொடுங்கள். கல்விக் கடன் தவணைக்காகவே வெளியில் வட்டிக்கு வாங்குவதை எந்தச் சூழலிலும் செய்யாதீர்கள்.

வேலை கிடைக்காமலோ இழந்தோ தவணை கட்ட முடியாத நிலை வந்தால், வங்கிக்குப் போகக் கூச்சப்படுகிறோம், தொலைபேசியை எடுக்காமல் விடுகிறோம். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் கணக்கு வாராக் கடன் ஆகிவிடும்; அதற்குப் பிறகு சலுகை கேட்பது கடினம். அதற்கு முன்பே போய்ப் பேசினால் வழிகள் உள்ளன. வேலையில்லாத காலத்துக்கு மீண்டும் அவகாசம் தருவதற்கும், தொடக்கத்தில் குறைவாகவும் பின்னர் கூடுதலாகவும் தவணையை அமைப்பதற்கும் மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது. பெற்றோரும் இணைக் கடனாளிகள் என்பதால், தவணை தவறினால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்பதைக் காட்டும் அவர்களுடைய சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே சரியும். தம்பி தங்கையின் படிப்புக்கு அடுத்த கடன் கேட்கும்போது அது வந்து குறுக்கே நிற்கும். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்பதும், மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் முதலில் வங்கியிடம் புகார் கொடுங்கள். 30 நாட்களில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கடன் வாங்கியவர் குற்றவாளி இல்லை, அவரை அப்படி நடத்த யாருக்கும் உரிமை இல்லை.

தள்ளுபடி வரும் என்று காத்திருப்பவர்களிடம் ஒன்றை அக்கறையோடு சொல்கிறேன். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு தள்ளுபடி செய்த 12,110 கோடி ரூபாய் பயிர்க் கடன், கூட்டுறவு வங்கிகளில் வாங்கியது. கல்விக் கடனில் மிகப் பெரும்பகுதி தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளில் இருக்கிறது. அதை ஓர் அறிவிப்பால் மாநில அரசு ரத்து செய்துவிட முடியாது, வங்கிக்கு அந்தப் பணத்தை அரசு கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு தேர்தலின்போதும் இந்தப் பேச்சு எழுகிறது. கோரிக்கை நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அதை நம்பித் தவணையை நிறுத்தியவர்களின் கணக்கில் வட்டி நிற்கவில்லை.

வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வந்தவர்கள், வருமான வரிச் சட்டத்தின் கீழ் (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது பிரிவு 80இ) கல்விக் கடனுக்குக் கட்டிய வட்டி முழுவதையும், உச்சவரம்பு இல்லாமல், எட்டு ஆண்டுகள் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். அசலுக்கு இது கிடையாது. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும். அதற்கான வட்டிச் சான்றிதழை வங்கியே தரும்.

கடைசித் தவணை கட்டியவுடன் வேலை முடிந்துவிடாது. நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்குங்கள்; மாதாமாதம் பணம் எடுக்கக் கொடுத்திருந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்துப் பத்திரம் அடமானம் வைத்திருந்தால், முழுத் தொகையையும் அடைத்த 30 நாட்களுக்குள் வங்கி அதைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு மாதங்கள் கழித்து, ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் சிபில் அறிக்கையை எடுத்து, உங்கள் பெயரிலும் இணைக் கடனாளியாக இருந்த அப்பா அல்லது அம்மாவின் பெயரிலும் அந்தக் கணக்கு 'முடிக்கப்பட்டது' என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பேரம் பேசிக் குறைத்துக் கட்டிய கணக்குக்கு 'செட்டில்டு' என்ற வேறொரு குறிப்பு விழும். முழுத் தொகையும் கட்டிய உங்கள் கணக்கில் அந்தக் குறிப்பு தவறுதலாக விழுந்திருந்தால், நிலுவையின்மைச் சான்றிதழின் நகலோடு வங்கிக்கும் சிபிலுக்கும் சேர்த்தே எழுதித் திருத்தச் சொல்லுங்கள்.