வெட்டக் கூடாத புண்

வலது கணைக்காலில் கொசுக்கடிபோலத் தோன்றிய ஒரு கொப்புளம் மூன்றே நாளில் உடைந்து ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குப் புண்ணானபோது, ஆறு ஆண்டுகளாக எனக்கு இருக்கும் அல்சரேட்டிவ் கோலைடிஸ் என்னும் பெருங்குடல் அழற்சியோடு அதற்கு உறவு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காட்டிய மருத்துவமனையில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார்கள். வயிற்றைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சீழ்ப்புண் என்று கருதி ஆன்டிபயாடிக் கொடுத்து, ஓரத்துச் சதையை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். வெட்ட வெட்டப் புண் விரிந்தது. மூன்றாம் வாரத்தில் என் உள்ளங்கை அளவாகிவிட்டது. வலியோ புண்ணின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத வலி.

என் குடல் மருத்துவர்தான், ஊதா நிறத்தில் அடிப்பக்கம் குடைந்திருந்த விளிம்பைக் கண்டதும், இது பயோடெர்மா கேங்க்ரினோசமாக இருக்கலாம் என்று ஐயுற்றுத் தோல் மருத்துவரிடம் அனுப்பினார். 1930-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இந்தப் பெயரைச் சூட்டியபோது, இது கிருமியால் வருவது என்றே நம்பினார்கள். பெயரில் சீழும் அழுகலும் ஒட்டிக்கொண்டது அதனால்தான். உண்மையில், கிருமியை எதிர்க்க வேண்டிய நியூட்ரோஃபில் அணுக்களே காரணமின்றித் தோலில் திரண்டு அதை அரிக்கின்றன. வெட்டுக்காயமோ ஊசிக்குத்தோ பட்ட இடத்தில் அவை மேலும் திரள்வதால், மற்றப் புண்களுக்கு மருந்தாகும் கத்தி இதற்கு உரமாகிவிடுகிறது.

குடல் அழற்சிக்காரர்களிடம் இதைவிட அதிகம் காணப்படுவது எரித்திமா நோடோசம்: முழங்காலுக்குக் கீழே சிவந்து வலிக்கும் கட்டிகள், பெரும்பாலும் குடல் சீறும்போது வந்து, அது அடங்கும்போது தழும்பின்றி மறைபவை. நம் நாட்டில் காசநோயாலும் அவை வருவதுண்டு என்பதைக் குடல்நோய்க்காரர்கள் மறக்கலாகாது. பயோடெர்மாவோ எப்போதும் குடலின் போக்கைக் கேட்டு நடப்பதில்லை. எனக்கு அது வந்தபோது வயிறு ஏழு மாதங்களாக அமைதியாக இருந்தது.

பயாப்ஸியில் புற்றுநோயும் கிருமித்தொற்றும் இல்லை என்று தெளிந்த பிறகே ஸ்டீராய்டு தொடங்கினார்கள். பின்னர், காசநோய்ப் பரிசோதனையையும் முடித்து, நோயெதிர்ப்பின் சீற்றத்தை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் என்னும் மருந்து. புண் மூட ஐந்து மாதங்களாயின; சல்லடைத் துளைகள்போன்ற தழும்பு நிற்கிறது. என் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் குடல் நோயின் பெயருக்குக் கீழே இந்தப் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். சென்ற மாதம் பல் பிடுங்கப் போனபோது, வாயைத் திறக்குமுன் அந்தப் பக்கத்தைத்தான் நீட்டினேன்.