45 நிமிடத்தில் ஆங்கிலக் கட்டுரை: எனக்கு வேகம் வந்த விதம்

நேரக் கெடு இல்லாமல் எழுதச் சொன்னால் ஆங்கிலக் கட்டுரை எனக்கு ஓரளவு நன்றாகவே வரும். தேர்வறையில் 45 நிமிடம் என்றால்தான் வம்பு. மூன்றாவது பத்தி பாதியில் நிற்கும்போதே மணி அடித்துவிடும். "வேகமா எழுதிப் பழகு" என்று எல்லோரும் சொன்னார்கள். எதை வேகமாகச் செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

கைதான் மெதுவோ என்று சோதித்துப் பார்த்தேன். புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுத்து, டைமர் வைத்துப் பார்த்து எழுதினால் ஐந்து நிமிடத்தில் நூறு சொல் சுலபமாகத் தாண்டியது. அந்தக் கணக்கில் 400 சொல் கட்டுரைக்கு 20 நிமிடம் போதும். மீதி 25 நிமிடம் எங்கே போகிறது? அடுத்த கட்டுரையில் பேனா நின்ற இடத்திலெல்லாம் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனேன். முன்னுரைக்குப் பக்கத்தில் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. ஒவ்வொரு புதுப் பத்தியின் தொடக்கத்திலும் சில. மீதியெல்லாம் வாக்கியத்தின் நடுவில்.

முன்னுரைக்கு வழி எளிது. "இன்றைய நவீன உலகில்" என்று ஆரம்பிக்கும் அலங்காரத்தை அடியோடு விட்டேன். திருத்துகிறவர் அதே வரியை அன்றைக்கு எத்தனை தாளில் படித்திருப்பாரோ! என் நிலைப்பாடு ஒரு வாக்கியம், காரணங்கள் ஒரு வாக்கியம், அவ்வளவுதான். கேள்வியில் இருக்கும் முக்கியச் சொற்களையே அதில் எடுத்துப் போட்டுக்கொண்டால் தலைப்பை விட்டு விலகவும் மாட்டோம்.

பத்தி தொடக்கத்தில் நின்றதற்குக் காரணம், அடுத்து என்ன சொல்வது என்று அங்கே போய் யோசித்ததுதான். அதனால் முதல் ஐந்து நிமிடத்தைத் திட்டத்துக்கென்றே ஒதுக்கினேன். எழுத வேண்டிய நேரத்தை வீணாக்குகிறோமே என்று ஆரம்பத்தில் கை துடிக்கும். பள்ளியில் கைபேசிக்குத் தடை வேண்டுமா என்று ஒரு கேள்வி. தாளின் ஓரத்தில் நான் கிறுக்கியது இவ்வளவுதான்: "வேண்டும். இடைவேளை – பேச்சு, விளையாட்டு குறையுது. எதிர்த்தரப்பு – அவசரம்னா? ஆபீஸ் போன் இருக்கே. கவனம் – ஒரு மெசேஜ் வந்தா பாடம் விட்டுப்போகும்." வலுவான காரணம் என்பதால் கவனத்தைக் கடைசிக்குத் தள்ளினேன். முழு வாக்கியம் ஒன்றுகூட இல்லை. தமிழும் ஆங்கிலமும் கலந்தே கிடந்தது. ஆனால் அடுத்து எங்கே போவது என்று பாதியில் முழிக்க வேண்டியிருக்கவில்லை.

வாக்கியத்தின் நடுவில் நிற்பதுதான் படுத்தியது. தமிழில் நீளமாக யோசித்துவிட்டு, அதை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றப் பார்ப்பேன். நமக்கு வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை எழுதிய கையோடு வினை வந்தாக வேண்டும். யார், என்ன செய்கிறார் என்ற இரண்டையும் முடிவு செய்யாமல் பேனாவை வைத்தால் அங்கேயே முட்டிக்கொள்ளும். ஆகவே அந்த இரண்டு சொல்லையும் மனதில் பிடித்த பிறகே வாக்கியத்தை ஆரம்பிப்பது என்று வைத்துக்கொண்டேன். "பிகாஸ்", "ஆல்தோ", "திஸ் ஷோஸ் தட்" மாதிரி இணைப்புகளை யோசிக்காமலே வரும் அளவுக்குப் பழகினேன். பெரிய சொல் சிக்கவில்லையென்றால் தெரிந்த சின்னச் சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

பயிற்சியில் தினமும் முழுக் கட்டுரை எழுதவில்லை. அது அலுத்துவிடும், பாதியில் விட்டுவிடுவோம். பழைய வினாத்தாள்களை எடுத்து, திட்டம் மட்டும் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். சில நாள் ஒரே ஒரு பத்தி, பத்து நிமிடத்தில். வாரக் கடைசியில் மட்டும் முழுசாக ஒன்று. அதற்கும் முதலில் ஒரு மணி நேரம் கொடுத்து, பிறகு ஐந்தைந்து நிமிடமாகக் குறைத்தேன். எடுத்த எடுப்பிலேயே 45 என்று வைத்திருந்தால் பதற்றத்தில் திட்டத்தைத்தான் முதலில் கைவிட்டிருப்பேன்.

தவறாக எழுதிய சொல்லை ஒரே கோட்டில் அடித்துவிட்டுப் போனால் போதும். வெள்ளை மை தடவிவிட்டுக் காயக் காத்திருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கே படபடக்கும்.

இப்போது என் கணக்கு: திட்டம் 5, எழுத்து 35, திரும்பப் படிக்க 5. அந்தக் கடைசி ஐந்தில் எல்லாவற்றையும் சரிபார்க்க முடியாது. நான் தேடுவது இரண்டுதான்: படர்க்கை ஒருமை எழுவாய்க்கு நிகழ்கால வினையில் "எஸ்" விட்டுப்போனதா, இறந்தகாலமும் நிகழ்காலமும் ஒரே பத்தியில் மோதுகிறதா. நேரம் கைமீறிப் போனால், ஓடிக்கொண்டிருக்கும் பத்தியை அந்த வாக்கியத்தோடு முடித்து, முடிவுரையை இரண்டு வரியில் போட்டுவிடுவேன். நல்ல பத்தி ஒன்று அறுந்து நிற்பதைவிட, சுமாரான முடிவுரையோடு கட்டுரை நிறைவதே மேல் என்பது என் கணக்கு. எங்கள் ஆங்கில ஆசிரியருக்கு இதில் உடன்பாடு கிடையாது.