டிரம்பெட் வாங்குவதற்கு முன்

ஜூன் 4, புதன்

கண் பிரஷர் வலது 24, இடது 22. சொட்டு மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி படுக்கும் முன் ஒரு சொட்டு. ஓரப் பார்வையைச் சோதிக்கிற ஃபீல்டு டெஸ்ட் 19-ஆம் தேதி.

டிரம்பெட் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டேன். டாக்டர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஊதுற வாத்தியமா?" என்றார். "டெஸ்ட் முடியட்டும். அப்புறம் பேசுவோம்."

ஜூன் 5, வியாழன்

தூக்கம் வரவில்லை. போனில் மறுபடியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். 7,000 ரூபாய்க்குப் பளபளவென்று புது டிரம்பெட். பெட்டி, கையுறை, மவுத்பீஸ், வால்வு ஆயில் எல்லாம் சேர்த்து. செய்தவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

காலையில் பொன்மலை அண்ணனுக்குப் படத்தை அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "வேணாம்மா. முதல் மாசம் நல்லாத்தான் இருக்கும். அப்புறம் நடு வால்வு இறங்கினா ஏறாது. பித்தளை அவ்வளவு மெலிசு, பத்தவைக்கப் போனா ஓட்டை விழுந்துடும்."

முப்பது வருஷம் கல்யாண பேண்டில் வாசித்தவர். வாசித்ததெல்லாம் மீரட்டில் செய்த டிரம்பெட். பேண்டு வாத்தியம் செய்கிறவர்கள் அந்த ஊர் ஜலி கோட்டியில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். நாதிர் அலி கம்பெனி 1885-இல் தொடங்கியது. அப்படியானால் அதிலேயே புதிது ஒன்று வாங்கிவிடலாமே என்றேன். "தெருவுல ஊத அதைவிட நல்லது கிடையாது. எனக்குச் சோறு போட்டதே அதுதான். ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, பத்தை ஊதிப் பார்த்து ஒண்ணை எடுக்கத் தெரியணும். நீங்க இப்பத்தான் ஆரம்பிக்கிறீங்க. சுரம் சேரலைன்னா தப்பு உங்க மேலயா, வாத்தியத்து மேலயான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

நாள் முழுக்க இந்தக் கேள்விதான் மண்டைக்குள்.

ஜூன் 6, வெள்ளி

அக்கா மறுபடியும் புல்லாங்குழல் என்கிறாள். அதில் காற்றுக்கு இவ்வளவு தடை கிடையாது, கண்ணில் பிரஷரும் அவ்வளவு ஏறாது என்று யாரோ சொன்னார்களாம். சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு வேண்டியது டிரம்பெட்.

ஜூன் 8, ஞாயிறு

கே.கே. நகரில் ஒரு பழைய டிரம்பெட்டைப் போய்ப் பார்த்தோம். யமஹா 2335. இப்போது கடையில் கிடைக்கிற 2330-க்கு முந்தைய மாடல். மகன் கல்லூரியில் வாசித்ததாம், இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். அப்பா 24,000 கேட்கிறார்.

அண்ணன் எடுத்த எடுப்பில் வாசிக்கவில்லை. முதலில் மவுத்பீஸைக் கழற்றினார், இலகுவாக வந்தது. சிக்கியிருந்தால் யாரோ தட்டி ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தமாம். பிறகு ஜன்னல் பக்கம் கொண்டுபோய், மவுத்பீஸ் நுழைகிற லீட்பைப்பை வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எச்சில் ஈரம் உள்ளேயே தங்கினால் பித்தளையில் இருக்கிற துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்பு மட்டும் நிற்கும். வெளியே இளஞ்சிவப்பாகப் புள்ளி தெரியும். "புள்ளி வெளிய தெரியுதுன்னா உள்ள ரொம்ப நாளா அரிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்மா. அப்ப குழாயையே மாத்தணும்." அதற்குப் பிறகு அவர் பேசியது கொஞ்ச நேரம் என் காதில் ஏறவில்லை.

புள்ளி எதுவும் இல்லை. இடது கை பிடிக்கிற இடத்தில் லாக்கர் என்கிற மேல்பூச்சு முழுக்கப் போய்விட்டது, பித்தளை மங்கித் தெரிகிறது. வாய் விரிந்திருக்கிற பெல் ஓரத்தில் சின்ன ஒடுக்கு. "அழகுதான் போயிருக்கு, வாத்தியம் போகல."

அடுத்து நடு வால்வின் குட்டி ஸ்லைடு, அதாவது உருவி எடுக்கிற வளைந்த குழாய். வால்வை அழுத்தாமலே அதை மெதுவாக உருவினார். முழுசாக வெளியே வரும்போது 'டப்' என்று சத்தம். வால்வுக்குள் இறங்கி ஏறுகிற பிஸ்டனுக்கும் அதன் கூட்டுக்கும் நடுவில் காற்று கசிந்தால் அந்தச் சத்தம் வராது. முதல் ஸ்லைடிலும் வந்தது. மூன்றாவது ஸ்லைடு அசையவே இல்லை. வீட்டுக்காரர், "அது எப்பவாவதுதானே வேணும்" என்றார். அண்ணன் விடவில்லை. ஒன்றாம் வால்வையும் மூன்றாம் வால்வையும் சேர்த்து அழுத்துகிற கீழ் சுரங்கள் இயல்பிலேயே கொஞ்சம் தூக்கலாக நிற்கும். வளையத்தில் விரலை மாட்டி இந்த ஸ்லைடை வெளியே தள்ளிக் குழாயை நீட்டினால்தான் சுருதிக்கு வரும். ஆரம்பத்தில் கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கீழ் சுரங்கள்தான் அதிகம் வரும். எண்ணெய் விட்டு, லேசாகச் சூடு காட்டினால் வந்துவிடும் என்கிறார். 20,000-க்குக் கேட்டிருக்கிறோம்.

கடைசியில் அவர் ஊதினார். ஒரு சுரம் பிடித்து, அந்தச் சின்ன ஹாலில் நிறைத்து, மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தார். அப்புறம் என்னிடம் நீட்டினார். ஒரு கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். வால்வுகளை மட்டும் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். முத்துப் பதித்த மாதிரி இருக்கிற அந்தப் பொத்தான்கள் ஒரே சீராக இறங்கி ஏறுகின்றன. உதட்டில் வைக்கவில்லை. 19 முடியட்டும்.

ஜூன் 9, திங்கள்

கண் சிவந்திருக்கிறது. இந்த மருந்துக்கு அப்படித்தான் இருக்குமாம்.

ஜூன் 12, வியாழன்

அம்மா சாப்பிட்டு எழுந்த பிறகு பார்த்தேன். தட்டின் வலப்பக்கம் வைத்த பீர்க்கங்காய்க் கூட்டு வைத்தபடி இருக்கிறது. பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "கூட்டா? நீ எங்கடி வச்ச?"

ஜூன் 14, சனி

சென்னை. கல்யாணத்துக்குப் போன கையோடு அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல். 1842-இல் இருந்து இருக்கிற கடை. புது 2330-ஐக் கையில் கொடுத்தார்கள். மோனல் என்கிற உலோகக் கலவையில் பிஸ்டன், 11பி4 அளவு மவுத்பீஸ், உத்தரவாத அட்டை. மூன்றாவது ஸ்லைடு ஒரு விரல் பட்டாலே ஓடுகிறது. 50,000-ஐத் தாண்டுகிறது விலை.

அவ்வளவு ஆசையாக இருந்தது. எனக்கு முன்னால் யாருடைய எச்சிலும் படாத வாத்தியம். இதில் எது தப்பினாலும் தப்பு என்னுடையதுதான், சந்தேகமே வராது.

ஜூன் 15, ஞாயிறு

கணக்குப் போட்டுப் பார்த்தால் பழையதுதான் சரி. புதிதைக் கடையை விட்டு வெளியே கொண்டுவந்த நாளே விலை விழுந்துவிடும். பழையதில் விழ வேண்டியது எல்லாம் ஏற்கெனவே விழுந்தாகிவிட்டது. நல்ல கம்பெனி, கசிவில்லாத வால்வு என்றால் இருபதுக்கு வாங்கியதை இரண்டு வருஷம் வாசித்துவிட்டு இருபதுக்கே கொடுக்கலாம். வயது வந்து ஆரம்பிக்கிற யாரிடமும் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் நான் ஏன் விற்பதைப் பற்றி யோசிக்கிறேன்? வாங்குவதற்கு முன்னாலேயே? அதுதான் இன்று முழுக்க உறுத்துகிறது. பழையது நல்லது என்பதற்காக வாங்குகிறேனா, 19-ஆம் தேதி வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்து வாங்குகிறேனா? இரண்டும் ஒரே வாத்தியத்தில்தான் வந்து நிற்கிறது. இருந்தாலும் இரண்டும் ஒன்றில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கே.கே. நகர்க்காரர் கூப்பிட்டார். 21,000. வேறொருவரும் கேட்கிறாராம். வெள்ளி வரை பொறுங்கள் சார் என்றேன். சரி என்றார், குரலில் பிடிப்பில்லை.

ஜூன் 18, புதன்

தூக்கம் இல்லை.

ஜூன் 19, வியாழன்

ஒரு கண்ணை மூடிவிட்டு, வெள்ளைக் கிண்ணத்துக்குள் தாடையை வைத்து, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்காவது வெளிச்சம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் எதையும் நம்ப முடியவில்லை. வந்த வெளிச்சமா, நான் நினைத்த வெளிச்சமா?

இடது கண் சுத்தம். வலதில் மூக்குப் பக்கம் மேல் மூலையில் கொஞ்சம் கறுப்பாக வந்திருக்கிறது. பிரஷர் 17, 16. மருந்து கேட்கிறது.

டிரம்பெட்டைப் பற்றி நான் பேச்சை எடுப்பதற்குள் டாக்டர் அம்மாவே எடுத்தார். "ஊதும்போது பிரஷர் ஏறும், நிறுத்தினதும் இறங்கும். மேல் சுரத்துக்கு அழுத்தி ஊதினா இன்னும் ஏறும். உங்களுக்கு எவ்வளவு ஏறுதுன்னு பார்க்காம வேண்டாம்னும் சொல்ல மாட்டேன், சரின்னும் சொல்ல மாட்டேன். வாத்தியத்தை இங்க கொண்டுவாங்க. ஊதச் சொல்லி அளந்து பார்த்துடலாம்."

வாத்தியத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்!

மருத்துவமனை வாசலிலேயே நின்று போன் பண்ணினேன். 21,000-க்கே எடுத்துக்கொள்கிறேன் சார், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

ஜூன் 21, சனி

வந்துவிட்டது. அண்ணன் வீட்டில் மூன்றாவது ஸ்லைடு மட்டும் எண்ணெயில் ஊறியபடி. பிஸ்டன்களில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கிறது. இடம் மாற்றிப் போட்டால் காற்றே போகாதாம். கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் போதும், கொதிக்கிற தண்ணீர் பட்டால் லாக்கர் உரிந்துவிடும்.

மவுத்பீஸை மட்டும் கையோடு எடுத்து வந்திருக்கிறேன். புதிதாக ஒன்று, பாக் கம்பெனியின் 7சி, சொல்லி வைத்திருக்கிறேன். வாத்தியம் பழையதானாலும் மவுத்பீஸ் எனக்கென்று இருக்கட்டும்.

ஜூன் 24, செவ்வாய்

ஸ்லைடு கழன்றுவிட்டது. அண்ணன் போனிலேயே இழுத்துக் காட்டினார்.

வெள்ளி காலை 10 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வரவேற்பில் இருந்த பெண் என்ன வாத்தியம் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். அண்ணனும் கூட வருகிறார், எப்படி நிற்பது, எவ்வளவு மூச்சு எடுப்பது என்று அங்கேயே சொல்லித் தருவாராம். அம்மாவும் வருவேன் என்கிறாள். ஆட்டோவுக்குச் சொல்ல வேண்டும்.