பரதம் படிச்சா பேராசிரியர் ஆகலாமா?

நெல்லைப் பக்கம் பரதம் படிக்கிற பிள்ளைகளோட அப்பா அம்மா அடிக்கடி கேக்கிற கேள்வி இது. ஆகலாம். ஆனா மாவட்ட அரசு இசைப்பள்ளியோட 3 வருஷச் சான்றிதழை மட்டும் வச்சு முடியாது. முதுகலையில 55 சதவீதம் வேணும், கூடவே உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு: தேசிய அளவுல நெட், இல்லன்னா மாநில அளவுல செட்.

நெட்ல நடனத்துக்குப் பாட எண் 65. முதல் தாள் 50 கேள்வி, ரெண்டாம் தாள் 100, மொத்தம் 300 மார்க். நெகட்டிவ் மார்க் கிடையாது, அதனால ஒண்ணையும் விடக்கூடாது. அடவு, அதாவது பரதத்தோட அடிப்படை அசைவுகள், சுத்தமா ஆடுற பிள்ளைங்க சறுக்குறது ரெண்டாம் தாள்ல. அதுல நாடகமும் நாட்டார் கலையும் சேந்தே வரும்.

பிஎச்டிக்கு ஏன் எல்லாரும் நாயக நாயகி பாவத்தையே, அதாவது காதலன் காதலி உணர்வையே, எடுக்காங்கன்னு தெரியல. நம்ம பக்கத்துக் கோயில் கொடைவிழாவுக்குப் போனா கணியான் கூத்துங்கிற நாட்டார் கலை இருக்கு. பதிவு பண்ணும்போது ஆடுறவர் மேலயே கேமராவை வைக்காதீங்க. அதுல வாசிக்கிற தோல் கருவி மகுடம்; உச்சம், மந்தம்னு ரெண்டு இருக்கும். ரெண்டுக்கும் தனி மைக் வைங்க. பனியில தோல் தளந்தா தீயில காட்டுவாங்க, சுருதி மாறும். நேரத்தைக் குறிச்சுக்கோங்க. இல்லன்னா பிறகு தாளத்தை எழுத உக்காரும்போது எது எந்த மகுடம்னே பிடிபடாது.