சோதனைக்கு முன் சோதனை அமைப்பையே சோதியுங்கள்: நெட்வொர்க் ப்ராஜெக்ட் எடுத்தவர்களுக்கு

எம்.இ. இரண்டாம் ஆண்டில் நான் எடுத்த ப்ராஜெக்ட், ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு டிசிபி நெரிசல் கட்டுப்பாட்டு முறைகளைப் பற்றியது. டிசிபி என்பது இணையத்தில் தரவைக் கொண்டுசேர்க்கும் விதிமுறை. வழி நெரிசலாகும்போது எவ்வளவு வேகமாக அனுப்புவது என்று முடிவு செய்வது நெரிசல் கட்டுப்பாடு. ஒன்று கியூபிக், 2006-லிருந்து லினக்ஸில் இயல்பாக இருப்பது. இன்னொன்று கூகுள் உருவாக்கிய பிபிஆர். 2016 கடைசியில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 4.9 பதிப்போடு வந்தது. இரண்டும் ஒரே குறுகிய இணைப்பில் சேர்ந்து ஓடினால், நடுவில் இருக்கும் ரௌட்டரில் பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடமான பஃபரின் அளவைப் பொறுத்து யாருக்கு எவ்வளவு பங்கு கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

கேள்விக்கு விடை தேடிய காலத்தைவிட, விடை தர வேண்டிய அமைப்பைக் கட்டி அது சொல்வதை நம்பலாமா என்று பார்த்த காலமே அதிகம். ஆய்வேட்டில் எனக்கு இன்றும் திருப்தி தருவது அந்த அத்தியாயம்தான். ஜூனியர்கள் பலர் இதைப் பற்றிக் கேட்பதால் அந்த வேலையை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் ரெவ்யூவிலேயே வரும் கேள்வி, சிமுலேஷனா, எமுலேஷனா, நிஜக் கணினிகளா என்பது. என்எஸ்-3 போன்ற சிமுலேட்டரில் நேரமே கற்பனை நேரம். ஆயிரம் நோடுகள் வைத்தாலும் ஓட அதிக நேரம் பிடிக்குமே தவிர முடிவு மாறாது. அதே விதை எண்ணை (தற்செயல் எண்களுக்கான தொடக்க எண்) கொடுத்தால் அதே விடை அச்சாக வரும். ஆனால் அதில் ஓடுவது என்எஸ்-3 தனக்கென எழுதிக்கொண்ட டிசிபி. லினக்ஸ் கெர்னலில் இருக்கும் டிசிபி வேறு. ஸ்டான்ஃபோர்டில் பாப் லான்ட்ஸ், பிராண்டன் ஹெல்லர், நிக் மெக்கியோன் ஆகியோர் 2010-ல் அறிமுகப்படுத்திய மினிநெட் என்ற எமுலேட்டர், ஒரே கணினியைத் தனித்தனிக் கணினிகள் போலப் பிரித்துக்காட்டும் லினக்ஸின் நேம்ஸ்பேஸ் வசதியைக் கொண்டு ஒரு லேப்டாப்புக்குள்ளேயே முழு நெட்வொர்க்கைக் கட்டுகிறது. ஓடுவது அசல் கெர்னல். ஆனால் நேரமும் அசல் நேரம். சிபியு திணறினால் பாக்கெட் தாமதமாகும், அந்தத் தாமதம் நெட்வொர்க்கின் குணம் போலவே உங்கள் வரைபடத்தில் வந்து உட்காரும். 2012-ல் அதே குழுவினர் கொண்டுவந்த ஹைஃபை பதிப்பு இதற்காகத்தான் ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் சிபியு பங்கை ஒதுக்கி, ஓட்டத்தின்போது கண்காணிக்கவும் செய்தது. அதை வைத்து ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளின் முடிவுகளை வகுப்புப் பயிற்சியாகவே திரும்பச் செய்து பார்த்தார்கள்.

எனக்கு வேண்டியது கெர்னலின் உண்மையான நடத்தை. அதனால் எமுலேஷனைத் தேர்ந்தெடுத்து, முக்கியமான சில புள்ளிகளை மட்டும் லேபில் கிடந்த பழைய டெஸ்க்டாப்களை ஒன்றோடொன்று கேபிளில் இணைத்துச் சரிபார்த்துக்கொண்டேன். பெரும்பாலான எம்.இ. ப்ராஜெக்ட்டுகளுக்கு இந்தக் கலவை போதும் என்பது என் கருத்து. எதைத் தேர்ந்தெடுத்தாலும் காரணத்தை உங்கள் கேள்வியிலிருந்து சொல்லுங்கள். எல்லோரும் மினிநெட் எடுக்கிறார்கள் என்பது ரெவ்யூவில் நிற்காது.

கட்டும்போது ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: கையால் டைப் செய்த ஒரு கட்டளைகூட இறுதி முடிவுக்குள் வரக் கூடாது. டோபாலஜி (எது எதோடு இணைகிறது என்பது) அமைப்பது, தாமதமும் பேண்ட்விட்த்தும் வைப்பது, வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 நிரலை ஓட்டுவது, பதிவைச் சேகரிப்பது எல்லாம் ஒரே ஸ்கிரிப்டிலிருந்து நடக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் தனக்கென ஒரு ஃபோல்டரை உருவாக்கி, கெர்னல் பதிப்பு, சிஸ்கண்ட்ரோல் (கெர்னலின் அமைப்பு) மதிப்புகள், ஸ்கிரிப்டின் எந்தப் பதிப்பு என்று காட்டும் கிட் கமிட் எண், ஓட்டம் முடிந்தபின் லினக்ஸில் பாக்கெட் வரிசைகளைக் கட்டுப்படுத்தும் டிசி கட்டளை காட்டும் பாக்கெட் இழப்புக் கணக்கு இவ்வளவையும் அதில் போட்டுவைக்கட்டும். கெர்னல் பதிப்பு எதற்கு என்று தோன்றலாம். 4.13-க்கு முந்தைய கெர்னலில் பிபிஆர் ஒழுங்காக ஓட, பாக்கெட்டுகளைச் சீரான இடைவெளியில் அனுப்பும் எஃப்க்யூ என்ற வரிசை முறையும் கூடவே இருக்க வேண்டும். அதற்குப் பிறகு டிசிபியே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. பழைய லேப் கணினி ஒன்றையும் புது லேப்டாப் ஒன்றையும் ஒப்பிடும்போது இந்த ஒரு வரி பல நாள் குழப்பத்தைத் தீர்க்கும்.

இனி முக்கியமான இடம். அமைப்பு ஓடுகிறது, எண்கள் கொட்டுகின்றன. அந்த எண்களை ஏன் நம்ப வேண்டும்? எடை தெரிந்த படிக்கல்லைத் தராசில் வைத்துப் பார்ப்பது போல, விடை முன்கூட்டியே தெரிந்த சோதனைகளை முதலில் ஓட்ட வேண்டும். விடையைக் காகிதத்தில் எழுதிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும், பார்த்தபின் எழுதக் கூடாது.

எளியதிலிருந்து தொடங்கலாம். போக 20, வர 20 மில்லி விநாடி தாமதம் வைத்திருந்தால், போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் 40-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். அடுத்து பேண்ட்விட்த். 100 மெகாபிட் இணைப்பு வைத்தால் ஐபெர்ஃப்3 எவ்வளவு காட்ட வேண்டும்? 100 என்று சொன்னால் கணக்குப் போடவில்லை என்று அர்த்தம். வழக்கமான ஈத்தர்நெட்டில் ஒரு பாக்கெட்டில் 1448 பைட்தான் பயனுள்ள தரவு. ஐபி, டிசிபி, ஈத்தர்நெட் தலைப்புகள் சேர்ந்தால் 1514. லினக்ஸின் டிசி அந்த 1514-ஐத்தான் எண்ணுகிறது, ஆகவே எமுலேஷனில் உச்சம் சுமார் 95.6 மெகாபிட். நிஜக் கேபிளில் ஃபிரேமின் முன்னால் போகும் பிரீஆம்பிள் பைட்டுகளும் பிழைச் சரிபார்ப்பு பைட்டுகளும் ஃபிரேம்களுக்கு இடையிலான இடைவெளியும் சேர்ந்து 1538 ஆகிவிடும், உச்சம் 94.1. இந்த இரண்டு எண்களும் அப்படியே வந்தபோதுதான் என் அமைப்பின் மேல் எனக்கு முதல் நம்பிக்கை பிறந்தது. 99 என்று வந்தால் மகிழாதீர்கள், எங்கோ எதையோ தவறாக எண்ணுகிறீர்கள்.

மூன்றாவது சோதனை பஃபருக்கானது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். 100 மெகாபிட்டை 40 மில்லி விநாடியால் பெருக்கினால், வழியில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய தரவு கிடைக்கும்: 4 மெகாபிட், அதாவது 500 கிலோபைட், சுமார் 330 பாக்கெட். பஃபரை அந்த அளவுக்கு வைத்து, ஒரு கியூபிக் தரவோட்டத்தால் அதை நிரப்பிக்கொண்டே பக்கத்தில் பிங் அனுப்புங்கள். பஃபர் நிறையும்போது கூடுதலாக 40 மில்லி விநாடி காத்திருப்பு சேரும், ஆக பிங் 80 வரை ஏற வேண்டும். ஆனால் 40 மில்லி விநாடித் தாமதம் முழுவதையும் வேகக் கட்டுப்பாட்டையும், செயற்கைத் தாமதம் உண்டாக்கும் டிசி கருவியான நெட்எம் ஒன்றிலேயே போகும் பக்கத்தில் சேர்த்துவைத்து, அதன் லிமிட்டை (அதிகபட்சப் பாக்கெட் எண்ணிக்கை) 330 என்று கொடுத்தால் பிங் கிட்டத்தட்ட ஏறவே ஏறாது. நெட்எம்மின் லிமிட், வரிசையில் காத்திருக்கும் பாக்கெட்டுகளோடு, செயற்கைத் தாமதத்துக்காக நிறுத்திவைத்த பாக்கெட்டுகளையும் சேர்த்தே எண்ணுகிறது. வழியில் இருப்பதாகக் கருத வேண்டியவையே 330-ஐயும் தின்றுவிட்டால் பஃபர் என்று எதுவும் மிஞ்சாது. பஃபர் அளவுதான் ஆய்வுக்கேள்வி என்றால், இந்த ஒன்று மொத்த ஆய்வேட்டையும் வேறு எதையோ பற்றியதாக மாற்றிவிடும். அதனால் நெரிசல் புள்ளியை ஒரு ரௌட்டரிலும் தாமதத்தை வேறொரு ரௌட்டரிலும் பிரித்து வையுங்கள். அனுப்பும் கணினியிலேயே நெட்எம் வைப்பதையும் தவிருங்கள், அங்கே டிசிபியின் உள் வரிசைகளோடு அது கலந்துவிடும்.

நெட்எம்மின் லிமிட் சும்மா விட்டால் 1000 பாக்கெட். 100 மெகாபிட்டுக்குப் பரவாயில்லை. 1 கிகாபிட், 100 மில்லி விநாடி என்று போனால் வழியில் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேல் பாக்கெட் இருக்க வேண்டும். அங்கே நெட்எம்மே சத்தமில்லாமல் பாக்கெட்டுகளைத் தூக்கி எறியும், பழி டிசிபி மேல் விழும். அனுப்பும், பெறும் கணினிகளுக்குள் இருக்கும் சாக்கெட் பஃபரின் உச்ச வரம்பையும் அப்போது உயர்த்த வேண்டும்.

அப்புறம், ஒரே மாதிரியை ஒரே மாதிரியோடு மோதவிடும் சோதனை. இரண்டு பக்கமும் கியூபிக், இரண்டுக்கும் அதே தாமதம். நீண்ட நேரம் ஓடினால் பங்கு ஏறக்குறையச் சமமாக வர வேண்டும். இதை அளக்க ராஜ் ஜெயினும் சகாக்களும் 1984-ல் தந்த நியாயக் குறியீடு இருக்கிறது. சமமாகப் பிரிந்தால் 1, ஒன்பதுக்கு ஒன்று என்று பிரிந்தால் சுமார் 0.61. உங்கள் பைத்தான் நிரல் 9, 1 என்ற எண்களுக்கு அதைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு இரண்டு அனுப்புநர்களையும் இடம் மாற்றி ஓட்டுங்கள். முடிவும் கூடவே இடம் மாற வேண்டும். இடது பக்கம் இருப்பவருக்கே எப்போதும் கொஞ்சம் கூடக் கிடைத்தால், நீங்கள் அளப்பது டோபாலஜியின் கோணலைத்தான்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. லினக்ஸ் ஒரு முகவரியோடு பேசி முடித்தபின் அந்த வழியின் குணங்களை நினைவில் வைத்திருந்து, அடுத்த டிசிபி இணைப்பைத் தொடங்கும்போது பயன்படுத்துகிறது. நமக்கோ ஒவ்வொரு ஓட்டமும் தனித்தனியாக இருக்க வேண்டும். டிசிபி_நோ_மெட்ரிக்ஸ்_சேவ் என்ற அமைப்பை 1 ஆக்குங்கள். பல பாக்கெட்டுகளை ஒன்றாகக் கட்டி அனுப்பும் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ வசதிகளை ஈத்டூல் கட்டளையால் அணைத்துவிடுங்கள். பாக்கெட் எண்ணிக்கையில் பஃபரை அளக்கும்போது 64 கிலோபைட் மூட்டை ஒன்று ஒரே பாக்கெட்டாக எண்ணப்பட்டால் கணக்கு எப்படி உருப்படும்?

இவையெல்லாம் தேறியபின், ஏற்கெனவே வெளியான ஒரு முடிவைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே தொழில்நுட்பக் கழகத்தில் ஹாக், பிளெஸ், சிட்டர்பார்ட் மூவரும் 2017-ல், பஃபர் சிறிதாக இருந்தால் பிபிஆர் கியூபிக்கை ஒதுக்கித் தள்ளுகிறது, பாக்கெட் இழப்பும் மிக அதிகமாகிறது என்று காட்டியிருக்கிறார்கள். அதே போக்கு என் அமைப்பிலும் தெரிந்த பிறகுதான் புதிய புள்ளிகளை அளக்கத் தொடங்கினேன். எண்கள் அச்சாகப் பொருந்த வேண்டியதில்லை, திசையும் வளைவும் பொருந்த வேண்டும்.

நெட்வொர்க்கை விட்டு சர்வர், டேட்டாபேஸ் பக்கம் ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சுமை கொடுக்கும் நிரல், பதில் வந்தபின்தான் அடுத்த கோரிக்கையை அனுப்புகிறதா என்று பாருங்கள். பத்து மில்லி விநாடிக்கு ஒரு கோரிக்கை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். சர்வர் ஒரு விநாடி உறைந்துபோனால், நிஜத்தில் சுமார் நூறு கோரிக்கைகள் மாட்டியிருக்கும். காத்திருந்து அனுப்பும் நிரலோ ஒரே ஒரு மோசமான பதிலைத்தான் பதிவு செய்யும். 99-ஆம் சதமானம் (நூற்றில் 99 பதில்கள் எவ்வளவு நேரத்துக்குள் வந்தன என்ற அளவு) அழகாகத் தெரியும், ஆனால் அது பொய். கில் டெனே என்பவர் இதற்குக் கோஆர்டினேட்டட் ஒமிஷன் என்று பெயர் வைத்தார். வேலைக்கு எடுத்த கருவி இதைச் சரியாகக் கையாள்கிறதா என்று சர்வரை வேண்டுமென்றே ஒரு விநாடி நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஓட்டங்களைத் திட்டமிடும்போது பெருக்கலுக்குப் பயப்பட வேண்டும். ஐந்து பஃபர் அளவு, மூன்று தாமதம், நான்கு வகைத் தரவோட்டக் கலவை என்றால் 60 சேர்க்கை. ஒவ்வொன்றும் பத்து முறை, முறைக்கு இரண்டு நிமிடம் என்றால் 20 மணி நேரம். இன்னொரு அளவுருவைக் கூட்டினால் நாள் கணக்காகிவிடும். முதலில் ஒவ்வொரு அளவுருவின் இரண்டு ஓர மதிப்புகளை மட்டும் வைத்து ஓட்டுங்கள், முடிவை அசைக்காததை அங்கேயே விட்டுவிடுங்கள். எத்தனை முறை திரும்ப ஓட்டுவது என்பதையும் இந்த முன்னோட்டத்தில் தெரியும் சிதறலைப் பார்த்தே முடிவு செய்யலாம். ஓட்டங்களின் வரிசையைக் கலைத்துப்போடுவது கட்டாயம். காலையில் எல்லா கியூபிக், மாலையில் எல்லா பிபிஆர் என்று ஓட்டினால், இடையில் லேபின் சூடோ பின்னணியில் ஓடிய அப்டேட்டோ எதைச் செய்தது என்று பிரிக்கவே முடியாது. சிபியு வேகத்தை ஒரே நிலையில் பூட்டிவிடுங்கள். மிட்கோவிச் குழுவினர் 2009-ல், என்விரான்மென்ட் வேரியபிள்களின் மொத்த அளவு மாறினாலே ஒரு நிரலின் வேகம் மாறுவதைக் காட்டினார்கள். நமக்குத் தொடர்பே இல்லை என்று தோன்றுகிற விஷயம்கூட அளவை நகர்த்தும்.

வரைபடத்தில் சராசரியை மட்டும் போடாமல் எல்லாப் புள்ளிகளையும் போடச் சொன்னது என் கைடு மேடம். அப்படிப் போட்டபோதுதான் ஒரு பஃபர் அளவில் புள்ளிகள் இரண்டு கொத்தாகப் பிரிந்திருப்பது தெரிந்தது. எந்தத் தரவோட்டம் முதலில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து முடிவு இரண்டாகக் கிளைத்தது. சராசரி, அந்த இரண்டுக்கும் நடுவில், எந்த ஓட்டத்திலும் நிகழாத ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆய்வேட்டின் சுவாரசியமான பக்கங்கள் அங்கிருந்துதான் வந்தன.

வைவாவில் எக்ஸ்டர்னல், பிபிஆர் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகக் கேட்டுவிட்டு, “இந்த அளவுகள் உங்கள் செட்டப்பின் குறைபாடு இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?” என்றார். 95.6, 94.1, பிங்கின் 80, இடம் மாற்றிய ஓட்டம் ஆகியவற்றை ஒரே அட்டவணையில், எதிர்பார்த்தது, வந்தது என்று இரண்டு நெடுவரிசையாகக் காட்டினேன். அடுத்த கேள்விகள் எல்லாம் முடிவுகளைப் பற்றியே இருந்தன. இந்த அட்டவணையை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தள்ளாமல் முடிவுகள் அத்தியாயத்துக்கு முன்னாலேயே வையுங்கள்.

சமர்ப்பிக்க ஒரு மாதம் இருக்கும்போதே, உங்கள் ப்ராஜெக்ட்டோடு தொடர்பில்லாத ஒரு நண்பரிடம் நிரலையும், அதை ஓட்டும் முறையைச் சொல்லும் ரீட்மீ கோப்பையும் மட்டும் கொடுத்து, புதிதாக லினக்ஸ் போட்ட கணினியில் ஒரு வரைபடத்தை எடுத்துத் தரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காராதீர்கள். அவர் போன் செய்து கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அன்றைக்கே ரீட்மீயில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.